பெயர்களே மூலதனம்

முன்னாள் தலைமைத் தணிக்கையாளர், ரிசர்வ் வங்கியின் முன்னாள் துணை கவர்னர், சகாராவை மடக்கிய அதிகாரி. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் முதலீட்டு நிறுவனமான கிஃப்பி திரட்டிய தலைமைக் குழு, சந்தையின் நம்பிக்கையைச் சம்பாதித்தது. எதிர்ச்சாரியில் இருந்த தணிக்கையாளரின் கேள்விக்கு அது போதவில்லை.

திருவனந்தபுரம் மகாத்மா காந்தி சாலையில், தலைமைச் செயலகத்துக்குச் சற்றுத் தள்ளி, இரண்டு அலுவலகங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒரு பக்கம் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகம். சி.ஏ.ஜி. என்று நாடறிந்த தலைமைத் தணிக்கையாளரின் கேரளப் பிரதிநிதி அமர்ந்து, மாநில அரசின் கணக்குகளைப் புரட்டும் இடம். எதிர்ப்பக்கம் ஃபெலிசிட்டி ஸ்கொயர் என்ற கட்டடம். அரசின் கணக்கில் சேராத கடனை வாங்கி, பாலமும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் கட்டுவதற்காக மறுபிறவி எடுத்த கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம், அதாவது கிஃப்பி, இயங்கிய இடம்.

இடையில் ஒரு சாலைதான். ஆனால் இந்தியக் கூட்டாட்சியின் மிகக் காரமான பணச் சண்டைகளில் ஒன்று அந்தச் சாலையைக் கடக்க முடியாமல்தான் டெல்லி வரை போனது.

கிஃப்பி புதிய பெயர் அல்ல. இ.கே. நாயனார் முதல்வராக இருந்த 1999 நவம்பரிலேயே அது பிறந்துவிட்டது. ஆனால் அதிகம் நடமாடாத குழந்தையாகவே பல ஆண்டுகள் கிடந்தது. 2016 மே மாதம் பினராயி விஜயன் தலைமையில் இடதுசாரிகள் ஆட்சிக்கு வந்தபோது, நிதி அமைச்சர் தாமஸ் ஐசக் அதைத் தட்டி எழுப்பினார். சட்டம் திருத்தப்பட்டது. ஐந்தாண்டுகளில் ரூ. 50,000 கோடிக்குத் திட்டங்கள் என்று இலக்கும் அறிவிக்கப்பட்டது.

கஜானாவில் பணம் இல்லை. சம்பளம், ஓய்வூதியம், வட்டி ஆகிய மூன்றும் போக மிச்சம் ஏதும் தேறாத மாநிலம் அது. கடன் வாங்கலாம் என்றால் மாநில உற்பத்தியில் இத்தனை சதவீதம்தான் என்று மத்திய அரசு கோடு கிழித்து வைத்திருக்கிறது. ஐசக்கின் யோசனை எளிமையானது: அரசு வாங்க முடியாத கடனை ஒரு வாரியம் வாங்கட்டும். திருப்பிக் கட்டுவதற்கு மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும், எரிபொருள் மீது லிட்டருக்கு ஒரு ரூபாய் செஸ்ஸும் வாரியத்துக்குப் போகட்டும். அடுத்து வரும் அரசு கைவைக்க முடியாதபடி இதைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். வாகன வரிப் பங்கு முதல் ஆண்டு 10 சதவீதம். பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஏறி 50 சதவீதம் வரை.

ஆனால் கடன் கொடுப்பவர் சட்டப் புத்தகத்தை மட்டும் பார்ப்பதில்லை. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்க்கிறார். இந்த விஷயத்தில்தான் கேரளம் தன் சாமர்த்தியத்தைக் காட்டியது.

நாற்காலியில் யார்?

வாரியத்தின் தலைவர் முதலமைச்சர். துணைத் தலைவர் நிதி அமைச்சர். தலைமைச் செயலர், திட்டக் குழுத் துணைத் தலைவர், நிதி மற்றும் சட்டச் செயலர்கள் உறுப்பினர்கள். இது எந்த அரசு வாரியத்திலும் உள்ள வரிசைதான். இவர்களோடு வெளியிலிருந்து வல்லுநர்களும் உட்கார வைக்கப்பட்டார்கள். கொல்கத்தா ஐ.ஐ.எம்.மின் பேராசிரியர் சுஷில் கன்னா, பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் முன்னாள் செயல் இயக்குநர் ஜே.என். குப்தா, ரிசர்வ் வங்கியில் பணியாற்றிய சலீம் கங்காதரன், கேரள நிர்வாகத்தின் பழுத்த அனுபவசாலியான டி. பாபு பால் ஆகியோர் அதில் அடக்கம்.

வாரியத்துக்கு மேலே இன்னொரு காவல்: நிதி அறங்காவல் மற்றும் ஆலோசனை ஆணையம். முதலீட்டாளரின் பணம் சொன்ன வேலைக்குத்தான் போகிறதா என்று பார்த்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை நற்சான்று தருவது அதன் வேலை. தலைமை ஏற்றவர் வினோத் ராய்.

இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2008 ஜனவரி முதல் 2013 மே வரை சி.ஏ.ஜி.யாக இருந்தவர். இரண்டாம் தலைமுறை அலைக்கற்றையில் ரூ. 1.76 லட்சம் கோடி இழப்பு என்று எழுதி மன்மோகன் சிங் அரசை ஆட்டிவைத்தவர். அந்த எண்ணின் சூட்டைத் தமிழகம் மற்றவர்களைவிட நன்றாகவே அறியும். அவர் 1972ஆம் ஆண்டு கேரளப் பிரிவு ஐ.ஏ.எஸ். அதிகாரி என்பது இங்கே பலர் மறந்த செய்தி. திருச்சூரில் ஆட்சியராக இருந்தபோது அவருக்கு ‘இரண்டாம் சக்தன் தம்புரான்’ என்ற பட்டப்பெயரே உண்டு. பிறகு மாநிலத்தின் நிதித் துறையையும் கவனித்தவர். அவரோடு ஆணையத்தில், 2005 முதல் 2010 வரை ரிசர்வ் வங்கித் துணை கவர்னராக இருந்த உஷா தோரட்; அதே வங்கியின் முன்னாள் செயல் இயக்குநர் ஜி. பத்மநாபன்.

அன்றாட நிர்வாகம் தலைமைச் செயல் அதிகாரி கே.எம். ஆபிரகாமிடம். 1982ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். 2008 முதல் 2011 வரை செபியின் முழுநேர உறுப்பினர். 2011 ஜூனில் சகாரா குழுமத்தின் இரண்டு நிறுவனங்கள் கோடிக்கணக்கான சிறு முதலீட்டாளர்களிடம் திரட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டவர் இவர்தான். ரூ. 24,000 கோடிக்கு மேற்பட்ட அந்த விவகாரத்தில் 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவரது உத்தரவின் பக்கமே நின்றது. அதற்குள் அவர் செபியில் இல்லை. நிதி அமைச்சகத்தின் நெருக்குதல் பற்றிப் பிரதமருக்கே கடிதம் எழுதிவிட்டுக் கேரளம் திரும்பியிருந்தார். பிறகு மாநிலத் தலைமைச் செயலராகி 2017 டிசம்பரில் ஓய்வு பெற்றார்.

ஆக, ஊழலைத் தோண்டியவர், வங்கிகளைக் கண்காணித்தவர், மோசடிக்குக் கடிவாளம் போட்டவர் என்று மூன்று வகைக் காவலர்களையும் ஒரே வீட்டின் வாசலில் நிறுத்தியது கேரளம். இதைவிடச் சிறந்த விளம்பரப் பலகையை எந்த மும்பை நிறுவனமும் மாட்டியிருக்க முடியாது.

லண்டனில் மணியோசை

பலன் 2019 மார்ச்சில் கிடைத்தது. ‘மசாலா பத்திரம்’ எனப்படும், வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கிலேயே விற்கப்படும் கடன் பத்திரங்கள் மூலம் கிஃப்பி ரூ. 2,150 கோடி திரட்டியது. ஐந்தாண்டுத் தவணை, வட்டி 9.723 சதவீதம். இந்திய மாநில அரசு அமைப்பு ஒன்று இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. மே 17ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையின் காலை மணியை அடித்துத் தொடங்கிவைத்தவர், ஒரு மார்க்சிஸ்ட் முதலமைச்சர்.

மணியோசை அடங்குமுன் கேள்விகள் ஆரம்பித்தன. பத்திரங்களை வாங்கியவர்களில் முக்கியமானது கனடாவின் கியூபெக் மாகாண ஓய்வூதிய நிதியத்தை நிர்வகிக்கும் சி.டி.பி.க்யூ. அதற்கு எஸ்.என்.சி. லாவலின் நிறுவனத்தில் கணிசமான பங்கு உண்டு. கேரள அரசியலில் லாவலின் என்றாலே நெருப்பு. மின் அமைச்சராக இருந்த காலத்து ஒப்பந்தம் தொடர்பாகப் பினராயி விஜயன் மீது தொடுக்கப்பட்ட வழக்கின் பெயரே அதுதான். எதிர்க்கட்சித் தலைவர் ரமேஷ் சென்னிதலா இதை விடவில்லை. இது வெறும் முதலீடு, உறவு எதுவும் இல்லை என்றது அரசு.

வட்டியும் விவாதமானது. 9.723 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ ரூ. 209 கோடி, ஐந்து ஆண்டுக்கு ரூ. 1,045 கோடி. உள்நாட்டுச் சந்தையில் இதைவிட அதிகம் கேட்டார்கள் என்பது ஐசக்கின் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் கவிழ்ந்ததும், உள்கட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டாலே கடன் கொடுப்பவர்கள் கதவைச் சாத்திக்கொண்ட காலம் அது.

எதிர்ச்சாரியிலிருந்து

அடுத்த அடி கனடாவிலிருந்தோ காங்கிரஸிடமிருந்தோ வரவில்லை. எதிர்ச்சாரியிலிருந்து வந்தது. 2018-19ஆம் ஆண்டுக்கான மாநில நிதிநிலை பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை, கிஃப்பி வாங்கும் கடன் பட்ஜெட்டுக்கு வெளியே வாங்கப்படும் அரசுக் கடனே என்றது. மாநிலம் இந்தியாவுக்குள்தான் கடன் வாங்கலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவு. வெளிநாட்டுக் கடன் மத்திய அரசின் அதிகாரம். ஆகவே மசாலா பத்திரம் சட்ட வரம்பை மீறியது என்பது அதன் வாதம்.

வாதத்தின் சாரம் நடுத்தரக் குடும்பங்களுக்குப் பழக்கமானதுதான். வங்கி நமக்குக் கொடுக்கும் கடன் வரம்பு முடிந்துவிட்டது. மைத்துனர் பெயரில் கடன் எடுக்கிறோம். மாதத் தவணை நம் சம்பளத்திலிருந்தே போகிறது. கடன் யாருடையது? சி.ஏ.ஜி. தவணை கட்டுபவரைப் பார்த்தது. கேரளம் கையெழுத்துப் போட்டவரைப் பார்க்கச் சொன்னது. கிஃப்பி சட்டப்படி தனி அமைப்பு, வருமானம் தரும் திட்டங்களிலிருந்தும் அதற்குப் பணம் வரும், ரிசர்வ் வங்கி அனுமதியோடுதான் பத்திரம் வெளியிடப்பட்டது என்பவை அதன் பதில்கள்.

ஐசக் ஒரு படி மேலே போனார். அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படும் முன்பே, 2020 நவம்பரில், அதிலிருந்ததைப் பத்திரிகையாளர்களிடம் போட்டு உடைத்தார். உரிமைப் பிரச்னை கிளம்பியது; உரிமைக் குழு அவரை விடுவித்தது. 2021 ஜனவரியில் அறிக்கை சபைக்கு வந்த சில நாட்களில், கிஃப்பி பற்றிய பகுதிகளை நிராகரித்து சட்டமன்றம் தீர்மானமே நிறைவேற்றியது. தணிக்கையாளரின் அறிக்கையை ஒரு சபை இப்படித் திருப்பி அனுப்புவது அபூர்வம்.

இதில் உள்ள முரண் கேரளத்தில் யாருக்கும் தப்பவில்லை. முன்னாள் சி.ஏ.ஜி. ஒருவரின் பெயரைக் காட்டி நம்பிக்கை திரட்டிய அமைப்பு, பதவியில் இருக்கும் சி.ஏ.ஜி.யின் அறிக்கையை ஏற்க மறுக்கும் அரசின் செல்லப்பிள்ளை. எந்தச் சட்டப் பிரிவின் கீழ் தணிக்கை என்பதிலும் மல்லுக்கட்டு நடந்தது. 14(1) போதும், எல்லாக் கோப்பும் திறந்தே இருக்கிறது என்றது அரசு. 20(2) வேண்டும் என்றது தணிக்கைத் துறை. காதில் வறட்டு எண்களாக விழும் இந்தச் சண்டையின் பொருள் சுலபம். காவலரைத் தேர்ந்தெடுப்பது வீட்டுக்காரரா, ஊரா?

பெயர் எத்தனை தூரம் தாங்கும்?

வினோத் ராயின் ஆணையமும் ஒரு தணிக்கைதான். ஆனால் அந்த ஆணையத்தை நியமித்தது அரசு. அதன் சான்று முதலீட்டாளருக்கானது: உங்கள் பணம் சொன்ன இடத்துக்குப் போகிறது. சி.ஏ.ஜி.யின் அறிக்கை சட்டமன்றத்துக்கானது, அதன் வழியே வரி கட்டுபவருக்கானது: உங்கள் தலையில் இத்தனை சுமை ஏறியிருக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது. கிஃப்பி விவகாரத்தில் இரு தரப்பும் பல நேரம் இந்த வேறுபாட்டைக் குழப்பியே பேசின.

பெரிய மனிதர்களின் பெயருக்கு எத்தனை மதிப்பு என்பதைத் திருவனந்தபுரம் ஒருமுறை கசப்பாகப் படித்திருக்கிறது. 1937இல் இரண்டு வங்கிகள் சேர்ந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி உருவானது. தலைமையில் சி.பி. மாத்தன், மலையாள மனோரமா ஆசிரியர் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை போன்ற மதிப்புமிக்க பெயர்கள். 1938 ஜூனில் வங்கி கதவை மூடியது. சென்னையில் கைது செய்யப்பட்ட இயக்குநர்கள் திருவிதாங்கூருக்குக் கொண்டுவரப்பட்டு, தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார்கள். திவான் சி.பி. ராமஸ்வாமி ஐயரின் பழிவாங்கல் என்பது ஒரு தரப்பு. நிர்வாகம் தள்ளாடியது என்பது இன்னொரு தரப்பு. இரண்டில் எது சரி என்றாலும், பணம் போட்டவர்கள் வரிசையில் நின்றார்கள். அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறை சென்னையில் பலூன் செய்யத் தொடங்கி எம்.ஆர்.எஃப். டயர் வரை வளர்ந்தது வேறு கதை.

சமீபத்திய பாடம் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். பங்குதாரர்களில் எல்.ஐ.சி.யும் ஸ்டேட் வங்கியும் உண்டு. வாரியத்தில் அனுபவசாலிகள், கடன் பத்திரங்களுக்கு உயர்ந்த தர மதிப்பீடு. அப்படியிருந்தும் சுமார் ரூ. 91,000 கோடிக் கடனோடு அது சரிந்தது. 2018 அக்டோபர் 1ஆம் தேதி மத்திய அரசு பழைய வாரியத்தைக் கலைத்துவிட்டு உதய் கோட்டக் தலைமையில் புதிய பெயர்களை உட்கார வைத்தது. பெயர்களால் நடந்த சேதத்துக்கு மருந்தும் பெயர்களே.

தமிழகம் வேறு வழியில் போனது. 1996இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தை நிர்வகிக்கும் நிறுவனத்தில் அரசு தன் பங்கை 49 சதவீதத்தில் நிறுத்திக்கொண்டது. மீதி ஐ.சி.ஐ.சி.ஐ., எச்.டி.எஃப்.சி., ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். கையில். முதலமைச்சர் தலைவர் நாற்காலியில் இல்லை. 2001இல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக ரூ. 30 கோடிக்குப் பத்திரம் வெளியிட்டது. பிறகு சிறிய உள்ளாட்சிகள் பல கூட்டுச் சேர்ந்து குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களுக்காக ரூ. 30.41 கோடி திரட்டின. கிஃப்பியின் கோடிகளுக்கு முன் இவை சில்லறை. ஆனால் யார் கடன், எதிலிருந்து திருப்புவது என்பதில் குழப்பம் குறைவு. சுங்கம் வசூலாகும் சாலை, குடிநீர்க் கட்டணம் வசூலாகும் ஊர். கிஃப்பி கட்டிய பள்ளிக்கூடம் வட்டி கட்டாது.

கட்டியதும் கட்ட வேண்டியதும்

இத்தனைக்கும் கிஃப்பி காகிதத்தோடு நின்ற திட்டம் இல்லை. கேரளத்தின் அரசுப் பள்ளிகளுக்குள் நுழைந்து பார்த்தால் வித்தியாசம் தெரியும். 45,000 வகுப்பறைகளில் கணினி வசதி வந்தது. தனியார் பள்ளிக்குப் போன பிள்ளைகள் திரும்பி வந்த கதையை ஆளுங்கட்சி சலிக்காமல் சொன்னது. நிலம் கிடைக்காததால் ஆண்டுக்கணக்கில் நகராமல் கிடந்த தேசிய நெடுஞ்சாலை 66க்கு, மாநிலத்தின் பங்காக ரூ. 5,580 கோடி போனது கிஃப்பி வழியேதான். 2025 தொடக்கத்தில் ஒப்புதல் பெற்ற திட்டங்கள் 1,100க்கு மேல். மதிப்பு சுமார் ரூ. 87,500 கோடி. தனக்கென்று கிஃப்கான் என்ற ஆலோசனை நிறுவனத்தையும் அது தொடங்கியிருந்தது.

மேற்பார்வையும் கண்துடைப்பாக இருந்ததாகச் சொல்ல முடியாது. தரம் குறைந்த வேலைகளை நிறுத்தச் சொல்லி கிஃப்பி குறிப்பு அனுப்பியதும், அதன் பரிசோதகர்கள் கோப்புகளைப் பிடித்து வைக்கிறார்கள் என்று 2019இல் பொதுப்பணி அமைச்சர் ஜி. சுதாகரனே பகிரங்கமாகக் காய்ந்ததும் நடந்தன. சொந்த ஆட்சியின் அமைச்சரே எரிச்சலடையும் அளவுக்குக் கண்டிப்பு இருந்தது என்பதும் ஒரு நற்சான்றுதான்.

ஆனால் கணக்கு டெல்லியில் வேறு மாதிரி எழுதப்பட்டது. 2022 முதல் மத்திய அரசு, கிஃப்பியின் கடனையும் மாநிலத்தின் கடனாகவே எண்ணத் தொடங்கியது. மாநிலம் வாங்கக்கூடிய கடன் அந்த அளவுக்குக் குறைந்தது. பாலம் கட்ட வாங்கிய கடன், ஓய்வூதியம் கொடுக்கத் தேவைப்பட்ட கடனை விழுங்கியது. முதியோர் ஓய்வூதியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்ததற்குக் கேரள அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. 2023 டிசம்பரில் மாநிலம் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1ஆம் தேதி இடைக்கால நிவாரணம் மறுத்த நீதிமன்றம், 293ஆம் பிரிவு பற்றிய கேள்வியை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது. சி.ஏ.ஜி. எழுப்பிய வாதத்தின் வேரும் அதே பிரிவுதான்.

தனி மனிதர்கள் மீதும் அடி விழாமல் இல்லை. மசாலா பத்திரம் தொடர்பாக 2022இல் அமலாக்கத் துறை ஐசக்குக்குச் சம்மன் அனுப்பியது. அவர் உயர் நீதிமன்றம் போனார். 2025 இறுதியில், அந்தப் பணத்தில் ஒரு பகுதி நிலம் வாங்கப் பயன்பட்டது விதிமீறல் என்று முதலமைச்சர், ஐசக், ஆபிரகாம் ஆகியோருக்கு நோட்டீஸ் போனது. பொதுத் திட்டத்துக்காக நிலம் எடுப்பது வேறு, நில வியாபாரம் வேறு என்பது கிஃப்பியின் பதில். வருமானத்துக்கு மீறிய சொத்து என்ற புகாரில் ஆபிரகாம் மீது 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது, அதே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. புகாரை அவர் மறுத்தார். நீதிமன்றத்தில் எதுவும் நிரூபணம் ஆகாத நிலையிலேயே, சகாராவை மடக்கியவர் என்ற பெயர் அன்றாடச் செய்தித் தலைப்புகளில் அடிபட்டது. பெயரை மூலதனமாகப் போடுவதில் உள்ள ஆபத்து இதுதான். கட்டடம் நிற்கும்போதே மூலதனம் கரையலாம்.

லண்டன் கடனை 2024இல் கிஃப்பி அடைத்துவிட்டது. முதலீட்டாளர் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. அந்த அளவில் வினோத் ராய், தோரட், ஆபிரகாம் என்ற பெயர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டன. ஆனால் 2025 தொடக்கத்தில் கிஃப்பி கட்டிய பெரிய சாலைகளில் கட்டணம் வசூலிக்கலாமா என்ற யோசனை வெளியே கசிந்தபோது, எதிர்க்கட்சிகள் கொதித்தெழுந்தன. எரிபொருள் போடும்போது ஒரு ரூபாய், வண்டி வாங்கும்போது வரியில் பங்கு, அதே சாலையில் ஓட்டும்போது இன்னொரு கட்டணமா என்பது நியாயமான கேள்வி.

இந்தக் கேள்வியைக் கேட்பவர் லண்டன் சந்தையில் பத்திரம் வாங்கியவர் அல்ல. ஆற்றிங்கலிலும் நெய்யாற்றின்கரையிலும் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுபவர். அவருக்கு ஆணையம் எந்தச் சான்றும் அனுப்புவதில்லை. அவர் சார்பில் கேள்வி கேட்கச் சட்டம் உட்கார வைத்திருப்பது, எதிர்ச்சாரிக் கட்டடத்தில் உள்ள தணிக்கையாளரையும் பாளையத்தில் உள்ள சட்டமன்றத்தையும்தான். அங்கே கோப்பு முழுதாகத் திறக்கும் வரை, எத்தனை பெரிய பெயர்கள் கையெழுத்திட்டாலும் தவணை கட்டுபவரின் சந்தேகம் தீராது.